யானை பறக்காது என்று சொன்ன பெண்

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரைத் தலைநகரம் ஒன்றில் மகுடவர்மன் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவ்வப்போது அவருக்கு யோசனை வரும். பஞ்சத்தைக்கூட அந்த ஊர் எப்படியோ தாங்கிக்கொண்டது. ராஜாவின் யோசனைகளைத் தாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒருமுறை, குதிரைகள் தாளம் தப்பாமல் நடக்க வேண்டும் என்று லாயத்தில் மிருதங்கம் வாசிக்க வைத்தார். குதிரைகள் பழகுவதற்குள் வித்வான் ஊரைவிட்டே ஓடிவிட்டார்.

அப்படித்தான் ஒரு நாள் சபையில், "நம் நாட்டுக் குழந்தைகளில் யார் புத்திசாலி, யார் மந்தம் என்பதை இப்போதே தெரிந்துகொண்டால் பிற்காலத்தில் நமக்கு எவ்வளவு வேலை மிச்சமாகும்!" என்றார்.

இந்த மாதிரி ஒரு வாய்ப்புக்காகவே காத்திருந்தவர் சதுரானன பண்டிதர். அரசவையின் தலைமை அறிஞர். ராஜா இரவு உணவுக்குப் பிறகு வெற்றிலை போடும்போது தன்னைக் கூப்பிடாமல் விகடகவி பொன்னம்பியைக் கூப்பிடுகிறாரே என்று அவருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல்.

"பிரபு, சொல்லறிவுச் சோதனை ஒன்று நடத்துவோம். தேறும் பிள்ளைகள் அரண்மனைப் பள்ளியில் பயிலட்டும். தேறாதவர்கள் எந்தப் பள்ளியின் படியும் மிதிக்க வேண்டாம். சோதனைக்கு ஒரே நியதிதான். கொடுத்த வாக்கியத்தில் உள்ளதைக் கொண்டே விடை கூற வேண்டும். தான் கண்டது, கேட்டது எதையும் சேர்க்கலாகாது," என்றார்.

ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. அங்கேயே முத்திரை குத்திவிட்டார்.

அதன்பிறகு அந்த ஊரைப் பார்க்கச் சகிக்கவில்லை. தெருவுக்குத் தெரு பண்டிதரின் சீடர்கள் பயிற்சிக்கூடம் திறந்தார்கள். பம்பரம் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் வரிசையாக உட்கார்ந்து, "எல்லாப் பூனைகளும் கருப்பு, மீனி ஒரு பூனை, ஆகவே மீனி கருப்பு" என்று கத்தினார்கள். அந்தத் தெருவிலேயே மீனி என்ற பூனை வெள்ளை வெளேரென்று மதில்மேல் படுத்திருந்தது. ஒரு பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் பொன்னம்பி, "சாப்பிட்டாயா தம்பி?" என்று கேட்டார். "கொடுத்த வாக்கியத்தில் அதற்கு இடமில்லை மாமா," என்றது அந்தப் பிள்ளை. பொன்னம்பி அங்கேயே தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் வீடும் தப்பவில்லை. எட்டு வயது மகள் நங்கைக்குத் தலை பின்னிக்கொண்டே மனைவி மரகதம் கேள்வி கேட்டாள்.

"கோழிக்குக் குஞ்சு. அப்ப பசுவுக்கு?"

"எந்தப் பசும்மா? நம்ம பசு இன்னும் கன்னு போடலையே."

பொன்னம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரகதம் சீப்போடு திரும்பினாள்.

"நீங்க சிரிச்சுச் சிரிச்சுத்தான் இவ இப்படி இருக்கா. எதிர்வீட்டுப் பிள்ளை வாக்கியத்தை மட்டும் பாக்குறான். இவ ஜன்னலைப் பாக்குறா. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எடம் இல்லேன்னு சொல்லிட்டா இவளை என்ன பண்ணுவீங்க? உங்களை மாதிரி கோமாளி ஆக்குவீங்களா?"

அவள் சொன்னதிலும் தப்பில்லை. நங்கைக்குப் படிப்பென்றால் உயிர். மணலைக் கண்டால்கூட விரலால் எழுதிப் பார்க்கிற பெண். பொன்னம்பிக்கு அந்தச் சோதனைமேல் வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, தானும் உட்கார்ந்து மகளுக்குக் கேள்விகள் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் ஒன்பது கேள்வி கேட்டாள்.

சபையில் சோதனை நடக்கும் நாள் வந்தது. நங்கை எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசியில் பண்டிதர் தாமே எழுந்துவந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"எல்லா யானைகளும் பறக்கும். மேகவர்ணன் ஒரு யானை. ஆகவே மேகவர்ணன்...?"

மேகவர்ணன் அரண்மனையின் பட்டத்து யானை. தினமும் ஆற்றங்கரையில் நங்கை அதற்கு வெல்லம் கொடுப்பாள் என்பது பண்டிதருக்குத் தெரியும்.

"பறக்காது ஐயா. நான் பாத்திருக்கேன். தண்ணியில எறங்கவே அதைக் கெஞ்சணும்."

"மந்தம்," என்றார் பண்டிதர். சபைக்கே கேட்கும்படி சொன்னார்.

அன்று நங்கை சாப்பிடவில்லை. அப்பாவின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "நான் பாத்தது தப்பாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பொன்னம்பி சபையில் போய் நின்றார். "அரசே, என் மகள் சொன்னது சரியான விடை."

ராஜா சங்கடத்தோடு பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் கைகூப்பினார்.

"விகடகவியார் தாராளமாக நிறுவட்டும் பிரபு. ஆனால் நியதி அவருக்கும் உண்டு. 'யானை பறக்காது' என்ற சொல் வினாவில் இல்லை. ஆகவே அது அவர் வாயிலிருந்து வரலாகாது. வந்தால் குடும்பத்தோடு நாட்டை விட்டு நீங்க வேண்டும்."

"அப்படியே ஆகுக," என்றார் ராஜா. இதுவும் அவருக்கு ஒரு யோசனை மாதிரி இனித்தது.

அந்தச் சொல்லைச் சொல்லாமல் அதை எப்படி நிறுவுவது? சபையே பொன்னம்பியைப் பரிதாபமாகப் பார்த்தது. அவரோ குனிந்து வணங்கினார். "உத்தரவு அரசே. தங்கள் முத்திரை பெற்ற சோதனையின் விடை எதுவோ, அதன்படியே இனி நடந்துகொள்வேன்." பண்டிதர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

ஆடிப்பெருக்கு வந்தது. ஆண்டுதோறும் அன்று ராஜா ஆற்றைக் கடந்து அக்கரை அம்மன் கோயிலுக்குப் போவார். அந்த ஏற்பாடெல்லாம் பொன்னம்பியின் பொறுப்பு. விடிந்ததும் மேளதாளத்தோடு ராஜா கரைக்கு வந்தார். ஆறு சுழித்துக்கொண்டு, வேரோடு மரங்களை இழுத்துக்கொண்டு ஓடியது. கரையில் ஊரே கூடியிருந்தது. ஓடம் மட்டும் ஒன்றுகூட இல்லை. கரைமேட்டின் விளிம்பில், ஆற்றைப் பார்த்தபடி, அம்பாரி கட்டி அலங்கரித்த மேகவர்ணன் நின்றது.

"ஓடங்கள் எங்கே?" என்று ராஜா கேட்டார்.

"ஓடக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன் அரசே. இனி அவர்களுக்கு வீண் சம்பளம் எதற்கு? யானை இருக்கிறதே."

"யானை என்ன செய்யும்?"

"தங்கள் முத்திரை பெற்ற சோதனையின் விடையே அதுதான் அரசே. மேகவர்ணன் பறக்கும்."

கூட்டத்தில் எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, ராஜாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. விடியுமுன்பே எழுந்து வந்த களைப்பு வேறு. "விளையாடுகிறீரா? என்னை ஆற்றில் தள்ளப் பார்க்கிறீரா?"

"தங்களை முதலில் ஏற்றுவேனா அரசே? விடையை வகுத்தவர் இருக்கும்போது அந்த மரியாதை அவருக்கல்லவா உரியது?"

ராஜா ஒரு கணம் யோசித்தார். பிறகு மெதுவாகப் பண்டிதர் பக்கம் திரும்பினார். "ஏறும்," என்றார்.

ராஜா சொன்னால் மறுக்க முடியுமா? பண்டிதரை இரண்டு வீரர்கள் கைலாகு கொடுத்து அம்பாரியில் ஏற்றினார்கள். மேலே உட்கார்ந்து கீழே பார்த்தார். காலுக்கடியில் மேடு, மேட்டுக்கடியில் சுழல். பாகன் பொன்னம்பியிடம் ரகசியமாக, "சாமி, வெள்ளம் வடிஞ்சா இவன் நீந்துவான். இப்ப முடியாதுங்க," என்றான்.

"நீந்தும் என்று வினாவில் இல்லையப்பா," என்றார் பொன்னம்பி, சத்தமாகவே. "நீ கண்டதையெல்லாம் சேர்க்காதே. ஓட்டு."

பாகன் ராஜாவைப் பார்த்தான். ராஜா கையை அசைத்தார். பாகன் யானையின் கழுத்தில் ஏறி உட்கார்ந்து, காலால் காதோரம் தட்டினான். மேகவர்ணன் ஒரு அடி எடுத்து வைத்தது. விளிம்பு மண் கொஞ்சம் பெயர்ந்து ஆற்றில் பொத்தென்று விழுந்தது. அவ்வளவுதான். அம்பாரிக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு பண்டிதர் அலறினார்.

"நிறுத்து! நிறுத்து! பறக்காது! யானை பறக்காது!"

பொன்னம்பி அண்ணாந்து பார்த்தார். "பண்டிதரே, அது கொடுத்த வாக்கியத்தில் இல்லையே."

"வாக்கியம் நாசமாய்ப் போக! கண் இருக்கிறவனுக்குத் தெரியாதா? யானை எங்கேயாவது பறக்குமா?"

"அரசே," என்று பொன்னம்பி திரும்பினார். அதுவரை அடக்கி வைத்திருந்த எரிச்சல் எல்லாம் அவர் குரலில் இருந்தது. "அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. சோதனையை வகுத்தவர் சொல்லியிருக்கிறார், ஊரறிய. இதே விடையை என் மகள் சொன்னபோது அவளுக்கு மந்தம் என்று பெயர். இவருக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று தாங்களே சொல்லுங்கள்."

மேகவர்ணன் தானாகவே நாலடி பின்வாங்கிப் பத்திரமாக நின்றுகொண்டது. பாவம், அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

ராஜா கூட்டத்தில் மரகதத்தின் பக்கத்தில் நின்ற நங்கையை அருகில் அழைத்தார். தம் யோசனை இப்படிக் கரையில் கவிழ்ந்ததில் அவருக்கு வருத்தம். கடைசியாக ஒரு முறை அதை நிமிர்த்திப் பார்க்க நினைத்தார் போலும்.

"குழந்தாய், நான் ஒன்று கேட்கிறேன். எல்லா அரசர்களும் அறிவாளிகள். நான் ஓர் அரசன். ஆகவே நான்...?"

மரகதம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நங்கை ராஜாவை ஏற இறங்கப் பார்த்தாள். ஓடமில்லாத ஆற்றைப் பார்த்தாள். அம்பாரியிலிருந்து இன்னும் இறங்கத் தெரியாமல் தவிக்கும் பண்டிதரைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டுச் சொல்றேன் ராஜா."

மகுடவர்மன் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. அதைப் பிடிக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பொன்னம்பிக்குப் போட்டார்.

"பார் அம்மா, நன்றாகப் பார். நீ பார்ப்பதற்கு வசதியாக அரண்மனைப் பள்ளியிலேயே இடம் தருகிறேன். மந்தம் என்று இவர் ஒதுக்கிய பிள்ளைகள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு வா. என்னைப் பார்க்க நிறையக் கண்கள் வேண்டியிருக்கும் போலிருக்கிறது."

பிறகு ஓடக்காரர்களை வீட்டிலிருந்து கூட்டிவந்து, மத்தியானத்துக்கு மேல் ஆற்றின் வேகம் சற்றுத் தணிந்த பிறகுதான் எல்லோரும் அக்கரை போனார்கள். மேகவர்ணன் இக்கரையிலேயே நின்று, நங்கை கொடுத்த வெல்லத்தைத் தின்றுகொண்டிருந்தது.