இரண்டு தெமெத்தர் சிலைகள்

கிரேக்கத் தீவு ஒன்றில் பிலைனா என்றொரு விதவை இருந்தாள். அவள் கணவன் சிற்பி. அவர்களுடைய ஒரே மகள் காய்ச்சலில் இறந்தபோது, கோயிலுக்கென்று தான் செதுக்கிக்கொண்டிருந்த விளைச்சல் தேவி தெமெத்தருக்கு மகளின் முகத்தையே வைத்தான். பிறகு அவனும் போய்ச் சேர்ந்தான். பிலைனாவுக்கு மிஞ்சியது அந்தப் பளிங்கு முகம் மட்டுந்தான். தினமும் கோயிலுக்குப் போய்ச் சிலையைத் துடைத்துவிட்டு வருவாள்.

ரோமானியத் தளபதி ஒருவன் தீவைப் பிடித்தான். தன் தோட்டத்துக்கு அந்தச் சிலை வேண்டும் என்றான். ஊரார் கெஞ்சினார்கள், அச்சாக அப்படியே ஒரு நகல் செய்து தருகிறோம் என்றார்கள்.

"செய்யுங்கள், பார்க்கலாம்" என்று சிரித்தான்.

தீமோன் என்ற சிற்பி நகலைச் செய்தான். வேலை நடந்த நாளெல்லாம் பிலைனா அருகில் உட்கார்ந்து மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் இரண்டு சிலைகளும் முற்றத்தில் நின்றபோது தீமோன், பிலைனா, கோயில் பூசாரி தவிர யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தளபதி கேட்டான்: "இதில் அசல் எது? எனக்கு அதுதான் வேண்டும். ரோமில் என் சிற்பிகள் சோதிப்பார்கள். ஏமாற்றியிருந்தால் ஊர் முழுவதும் அடிமைச் சந்தையில் நிற்கும்."

பூசாரி தலைகுனிந்து நின்றார். தீமோன் பிலைனாவைப் பார்த்தான். பிறகு தன் நகலைத் தொட்டு, "இதுதான்" என்றான்.

வீரர்கள் அதற்குக் கயிறு கட்டத் தொடங்கினார்கள். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது இல்லை ஐயா" என்றாள் பிலைனா. "இதுதான் என் மகள்."

தீமோன் மறுக்கவில்லை. அவனை அங்கேயே வெட்டினார்கள். அசலை ஏற்றிக்கொண்டு தளபதி புறப்பட்ட கப்பல், கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புயலில் மூழ்கியது. ரோமில் சோதிக்கச் சிலையும் மிஞ்சவில்லை, தண்டிக்கத் தளபதியும் மிஞ்சவில்லை. தேவியைக் காட்டிக்கொடுத்தவள் என்று ஊர் பிலைனாவை ஒதுக்கியது. கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் விடவில்லை.

கேட்டீர்கள் அல்லவா? பொய் சொன்ன தீமோன், உண்மை சொன்ன பிலைனா, வாய் திறக்காத பூசாரி: இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பிலைனா செய்ததே சரி. கப்பல் மூழ்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது. தீமோனுக்கு இருந்தது இரக்கந்தான். ஆனால் ஊராரைக் கேட்காமல் அவர்கள் வாழ்வைப் பணயம் வைத்தான். பூசாரியோ தன் பாரத்தை ஒரு தாயின் தலையில் இறக்கிவைத்தார். ஊருக்கும் இது ஒருநாள் புரிந்தது. மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறக்க உள்ளே உயிரோடு யாரும் இல்லை.