முக்குளிப்பான் வாங்க மறுத்த ஸாரி

ஆனைக்கல் குட்டையைச் சுற்றி வாழ்ந்த பிராணிகளுக்குள் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை. எல்லாம் ரொம்ப நல்ல பிராணிகள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

யார் எதைக் கெடுத்தாலும், கெடுத்தவர் அதைச் சரிசெய்ய மூன்று நடை சுமக்க வேண்டும். மான் துள்ளி ஓடும்போது எறும்புப் புற்றை மிதித்துவிட்டால், மூன்று முறை வாயில் மண் அள்ளிக்கொண்டு வந்து போடும். அணில் குருவிக்கூட்டைக் கிழித்துவிட்டால் மூன்று முறை நார் கொண்டுவரும். ‘மூன்று நடையில் எப்படி வேலை முடியும்?’ என்று கேட்பீர்கள். முடியாதுதான். ஆனால் கெடுத்தவர் மூன்று நடை முடித்ததும், மற்ற எல்லாரும் ஆளுக்கு ஒரு நடை சுமப்பார்கள். வேலை முடிந்துவிடும். கெடுத்தவர் நடக்காமல் மற்றவர்கள் ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டார்கள்.

வெடுக்கன் என்ற குரங்குக்கு மட்டும் இந்த வழக்கம் பிடிக்கவே இல்லை. அது நாளுக்கு நாலு பொருளைக் கெடுக்கும். நாலுக்கும் மூன்று நடை என்றால் கால் என்னத்துக்கு ஆவது? ஒருநாள் நடைக்குப் பயந்து மலைப்பாதைப் பக்கம் ஓடிப்போய்விட்டது. சுற்றுலா பஸ்கள் நிற்கும் டீக்கடைக் கூரையில் பத்து நாள் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தது. வந்ததும் மரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டு கத்தியது.

“எல்லாரும் வாங்க! இனிமே இந்தக் காட்டில யாரும் சுமக்க வேண்டாம்! மனுசங்க ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க. இங்கிலீஷ் வார்த்தை! ஸாரி!”

“அப்படின்னா என்ன?” என்று கேட்டது மான்.

“என்னன்னு கேக்காதே, எதுக்கெல்லாம் ஆகுதுன்னு கேளு! அடுத்தவன் கால்ல டீயைக் கொட்டிட்டா ஸாரி. கூட்டத்தை இடிச்சுக்கிட்டு முன்னால போகணும்னா, ஸாரி, ஸாரி, ஸாரி! தானா வழி விட்டுடுவாங்க. சொன்னது காதுல விழலைன்னா, புருவத்தைத் தூக்கிக்கிட்டு, ஸாரி? யாராவது ஏதாவது குடுன்னு கை நீட்டினா, முகத்தைத் திருப்பிக்கிட்டு ஸாரி. போன்ல சாவுச் சேதி வந்தா அதுக்கும் அதேதான்!”

“ஒரே வார்த்தையா?”

“ஒரே வார்த்தை! நான் ஒரு அம்மா கையில இருந்த பன்னைப் பிடுங்கினேன். அந்த அம்மா பதறிப்போய் பின்னால நின்னவரை இடிச்சுட்டாங்க. உடனே அவருகிட்ட ஸாரின்னாங்க. பிடுங்கினது நான், ஸாரி சொன்னது அவங்க! எப்படி இருக்கு?”

பிராணிகள் வாயைப் பிளந்தன. அன்று சாயங்காலத்துக்குள் காடு முழுவதும் அந்த வார்த்தை பரவிவிட்டது. முள்ளம்பன்றி புதரில் நுழையும்போது ஸாரி, வெளியே வரும்போது ஸாரி. மீன்கொத்தி மீனைக் கொத்தும்போதுகூட அதனிடம் ஒரு ஸாரி சொல்லிவிட்டு விழுங்கியது. மான் தினமும் எறும்புப் புற்றை மிதித்தது. ஸாரி சொன்னது. மறுநாளும் மிதித்தது. எறும்புகள் பாவம், யாரிடம் போய்ச் சொல்லும்?

குட்டையின் கரையோரத்தில் மொத்தையன் என்ற காட்டுப்பன்றி கோரைக்கிழங்கு தோண்டித் தின்னும். கெட்ட பன்றி இல்லை. பசி வந்தால் மட்டும் அதற்குக் கண் தெரியாது. அந்தக் கோடையில் ஒருநாள், கிழங்கு ருசியாக இருக்கிறதே என்று கரையையே குடைந்துவிட்டது. கரை உடைந்தது. தண்ணீர் சலசலவென்று பள்ளத்தில் இறங்கி ஓடியது.

குட்டையின் நடுவே முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவை கூடு கட்டியிருந்தது. பாசியையும் தழையையும் சேர்த்துத் தண்ணீர்மேல் மிதக்க விட்டிருந்த கூடு. அதில் நாலு முட்டைகள். சுற்றிலும் ஆழத் தண்ணீர் இருக்கும்வரை அந்தக் கூட்டுக்குப் பயம் இல்லை. தண்ணீர் வற்றினால் கீரி நடந்தே வந்துவிடும்.

“மொத்தையண்ணே! கரை போச்சே!” என்று அலறியது முக்குளிப்பான்.

“அடடா, ஸாரி!” என்றது பன்றி. வாயில் இருந்த கிழங்கை மென்று முழுங்கிவிட்டு, ரொம்ப மரியாதையாக இன்னொரு முறையும் சொன்னது. “ரொம்ப ஸாரி, தங்கச்சி!” சொன்னதும் அதற்கு மனசு லேசாகிவிட்டது. போய்ச் சேற்றில் படுத்துத் தூங்கிவிட்டது.

முக்குளிப்பான் முள்ளம்பன்றியைக் கூப்பிட்டது. “கரையை அடைக்க உதவி பண்ணுங்களேன்!”

“மொத்தையன் இன்னும் மூணு நடை நடக்கலையே? அவன் நடந்தாத்தானே நாங்க நடக்கணும்?”

“அவர் ஸாரி சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டார்.”

“அப்போ விஷயம் முடிஞ்சுபோச்சு. இனிமே நடக்க என்ன இருக்கு? ஸாரி!” என்று முள்ளம்பன்றி போய்விட்டது. மானும் அதையேதான் சொன்னது.

முக்குளிப்பானும் அதன் ஆண் துணையும் அலகால் தழை கொண்டுபோய் உடைப்பில் வைத்தன. வைக்க வைக்க தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. பாறைக்கடியில் ஊற்று சுரந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சுரந்த தண்ணீர் நிற்கக் கரை வேண்டுமே! மூன்றாம் நாள் உச்சிவேளையில் கூடு தரை தட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

கீரி சேற்றில் பதம் பார்த்துப் பதம் பார்த்து வந்தது. கூட்டுக்கு முன்னால் நின்று தலையைக் குனிந்து பணிவாகச் சொன்னது.

“அக்கா, முன்கூட்டியே ஸாரி!”

 தின்பதற்கு முன்னாலேயே சொல்கிறானே! முக்குளிப்பான் பாய்ந்து கீரியின் மூக்கில் கொத்தியது. ஆணும் சேர்ந்து இறக்கையால் அடித்தது. கீரி பின்வாங்கியது. ஆனால் வாயில் ஒரு முட்டையோடுதான் பின்வாங்கியது. அதைக் கரையில் வைத்து உடைத்துத் தின்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

“நாளைக்கும் வருவேன்! நாளைக்கு உள்ளதையும் சேர்த்து இப்பவே சொல்லிடறேன், ஸாரி!”

முக்குளிப்பான் அழுதது. பிறகு ஆணை முட்டைகள்மேல் உட்கார வைத்துவிட்டுக் கரையேறியது. தண்ணீரில் அதன் நீச்சலை அடிக்க ஆள் இல்லை. தரையில் அதற்கு நடை வராது. கால்கள் வாலோரம் இருக்கின்றன, பாவம். இரண்டு அடி வைக்கும், குப்புற விழும். எழுந்து மறுபடி இரண்டு அடி வைக்கும். நெஞ்செல்லாம் சிராய்ப்போடு பன்றி படுத்திருந்த சேற்றுக் குழிக்கு வந்து சேர்ந்தது.

“மொத்தையண்ணே, எழுந்திரு. உன் ஸாரியைத் திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்.”

பன்றி கண்ணைத் திறந்தது. “திருப்பிக் குடுக்கறதா? சொன்னதை எப்படித் திருப்பி வாங்கறது?”

“எனக்கு அது ஒண்ணுத்துக்கும் ஆகலை. தண்ணியை நிறுத்தலை, கீரியைத் தடுக்கலை. ஒரு முட்டை போச்சு. இனிமே நான் உன் ஸாரியை வாங்கலைன்னு வெச்சுக்கோ. அது உன்கிட்டயே இருக்கட்டும்.”

இப்படி யாரும் இதுவரை சொன்னதில்லை. பன்றி முக்குளிப்பானைப் பார்த்தது. அதன் கால்களைப் பார்த்தது. குட்டையிலிருந்து அந்தக் குழி வரை பறவை விழுந்து விழுந்து வந்த தடம் மண்ணில் தெரிந்தது. லேசாகிப் போன மனசு இப்போது கல்லாகக் கனத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

 பன்றி எழுந்து, மூக்கால் ஒரு பெரிய மண்கட்டியைப் புரட்டித் தள்ளிக்கொண்டே போய் உடைப்பில் போட்டது. ஒரு நடை. இன்னொரு கட்டி. இரண்டு நடை. மூன்றாவது நடை முடிந்ததும் மான் தலையை நிமிர்த்தியது.

“மொத்தையன் நடந்துட்டான்! வாங்க, வாங்க!”

மான் வாய் நிறைய மண்ணோடு வந்தது. அணில் நார் கொண்டுவந்தது. எறும்புகள்கூட வரிசை கட்டி வந்தன. வெடுக்கன் மட்டும் கிளையில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டது. “எனக்கு இடுப்பு வலி, ஸாரி!”

முள்ளம்பன்றி மரத்தில் ஏறாது என்ற தைரியம் குரங்குக்கு. ஆனால் அதன் வால் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வாலுக்கு அடியில் வந்து நின்றது. முள் வாலில் குத்தியதும் ஒரே தாவில் குரங்கு தரைக்கு வந்தது. இடுப்பு வலி எங்கே போனதோ, இரண்டு கையிலும் கல்லை அள்ளிக்கொண்டு ஓடியது!

மற்றவர்கள் ஆளுக்கு ஒரு நடையோடு நிறுத்தினார்கள். பன்றி நிறுத்தவில்லை. எத்தனை நடை என்று அதுவும் எண்ணவில்லை, மற்றவர்களும் எண்ணவில்லை. பொழுது சாய்வதற்குள் உடைப்பு அடைபட்டது. ஊற்றுத் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. விடியும்போது கூடு ஆடியது, அசைந்தது, பிறகு மிதந்தது.

அன்றைக்குக் கீரி வந்து தண்ணீரைப் பார்த்தது. கரையில் படுத்திருந்த பன்றியின் கோரைப் பற்களையும் பார்த்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிப் போய்விட்டது.

பன்றி மறுநாளும் அங்கேயே படுத்திருந்தது. அடுத்த நாளும் போகவில்லை. கரையில் கிழங்கு மணந்தது. பசித்தது. ஆனால் அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பவில்லை. தின்னப்பட்ட முட்டைக்கு எத்தனை நடை நடந்தாலும் ஈடு இல்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது. மூன்று முட்டைகளும் பொரிந்து, வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட மூன்று குஞ்சுகள் அம்மாவின் முதுகில் ஏறிக்கொண்ட நாள் வரை பன்றி காவல் இருந்தது.

அன்று முக்குளிப்பான் நீந்தி அதன் அருகில் வந்தது.

“போய்ச் சாப்பிடு அண்ணே. நான் உன்னை மன்னிச்சு ரொம்ப நாளாச்சு.”

கெடுத்ததைச் சரிசெய்யக் கை கால் அசையாதவரை, வாய் கேட்கும் மன்னிப்பு வெறும் சத்தம்தான்.