முழுசாக் கேக்காத வெயிலுமுத்து

உம் கொட்டணும், இல்லேன்னா நிறுத்திருவேன். ஒரு ஊர்ல ஒச்சம்மான்னு ஒரு மருத்துவச்சி இருந்தா. ஒருநாள் ராசா இருக்கிற பட்டணத்துலேர்ந்து ஆள் வந்து, "வெயிலுமுத்து அதிகாரி மகளுக்கு இடுப்பு வலி, புள்ள குறுக்க கெடக்கு, உடனே வாங்க"ன்னு சொல்லிட்டு, மருந்து வாங்க அடுத்த ஊருக்கு ஓடிட்டான். இவளும் மூட்டையைக் கட்டிக்கிட்டு வண்டியேறிட்டா.

கோட்டைக்குள்ள வண்டி விடமாட்டாங்க, அதனால வாசல்லயே இறங்கிட்டா. அங்க குடை நிழல்ல ஒருத்தன் மீசையை முறுக்கிக்கிட்டு உக்காந்திருந்தான். வர்றவங்களுக்கு வழி சொல்றதுதான் அவன் உத்தியோகம். அவன் யாருங்கிறீங்க? அதே வெயிலுமுத்துதான்! பெத்த மக வீட்டுல துடிக்கிறா, இவன் இங்க மீசை முறுக்குறான். எனக்குச் சொல்லும்போதே பத்திக்கிட்டு வருது.

"ஐயா, இந்த ஊர்ல..."ன்னு இவ வாயெடுத்தா. அவன் கையைத் தூக்கிட்டான்.

"நேரா போ, தெப்பக்குளம் தாண்டி இடதுகைப் பக்கம் திரும்பு."

அது கோயிலுக்குப் போற வழி. வர்றவங்க எல்லாம் அதைத்தானே கேப்பாங்கன்னு அவனுக்கு நெனப்பு. அதிகாரி வீடு அங்கதான்னு நம்பி இவ போனா. ஒரு தெரு பூராவும் கண்ணாடி வளையல், தெப்பக்குளத்துல யானை குளிக்குது, வேற நாளா இருந்தா வாயைப் பொளந்து பார்த்திருப்பா. இப்ப அந்தப் பொண்ணு நெனப்புதான். போய்ச் சேர்ந்தா கோயில்தான் இருக்கு. அதிகாரி வீடு எதுன்னு யாரைக் கேட்டாலும் நிக்கமாட்டேங்கிறான், இடிச்சிட்டு இவளையே வையுறான். ஒரு பூக்காரி மட்டும், "வழி கேக்கணும்னா கோட்டை வாசலுக்குப் போ"ன்னா.

அப்புறம் திரும்பி வந்தா. "ஐயா, நான் கேட்டது..." "நேரா போ, தெப்பக்குளம் தாண்டி இடதுகைப் பக்கம் திரும்பு!" நாமதான் தப்பாத் திரும்பிட்டோமோன்னு மறுபடி போனா, மறுபடி வந்தா. "ஐயா, முழுசாக் கேளுங்க..." "உனக்குக் காது கேக்காதா? நேரா போ, தெப்பக்குளம் தாண்டி..."

ஒச்சம்மாளுக்குக் கால் ஓஞ்சு போச்சு. சிரிக்காதீங்கடா, உங்க அம்மாவுக்கு வலி வந்தப்ப இப்படி ஆகியிருந்தா சிரிப்பீங்களா? மூட்டையை அவன் காலடியிலயே போட்டு உக்காந்துட்டா.

அப்ப வேலைக்காரி தலைதெறிக்க ஓடி வந்தா. "ஐயா, சின்னம்மாவுக்குக் கண்ணு சொருகுது, மருத்துவச்சியை இன்னும் காணலையே!"

"எங்க போய்த் தொலைஞ்சா அந்த ஒச்சம்மா?"ன்னு இவன் கத்தினான்.

"தெப்பக்குளம் தாண்டி இடதுகைப் பக்கம் போயிருந்தேன், சாமி"ன்னா ஒச்சம்மா.

அவன் மூஞ்சி செத்துப் போச்சு. "தாயே, வாங்க"ன்னு கால்ல விழுந்தான். இவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்படியே திரும்பியிருக்கலாம். ஆனா அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? "மூட்டையைத் தூக்கு"ன்னா. தலைப்பாகை கட்டின தலையில மூட்டையை வச்சுக்கிட்டு அவன் முன்னால ஓடினான், கடைத்தெருவே பார்த்துச்சு.

உள்ள போய் எண்ணெய் போட்டு நீவி, குறுக்க கெடந்த புள்ளையைத் திருப்பி எடுத்துட்டா. புள்ள வீல்னு கத்துச்சு. தாயும் புள்ளையும் சுகம்.

வெளிய இவன் கதவைத் தட்டினான். "அம்மா, என்ன புள்ள..."

"நேரா போ!"ன்னா ஒச்சம்மா. "தெப்பக்குளம் தாண்டி இடதுகைப் பக்கம் திரும்பு!"

"அம்மா, நான் கேக்க வந்தது..."

"உனக்குக் காது கேக்காதா? நான் நடந்த நடையை நீயும் நட, அப்புறம் சொல்றேன்."

நடந்தான். குடையில்லாம, கொளுத்துற வெயில்ல, அந்தக் கூட்டத்துல இடிபட்டு அவளை மாதிரியே ரெண்டு தடவை போயிட்டு வந்தான். அப்புறம்தான் கதவைத் திறந்து பேத்தியைக் கையில குடுத்தா.

அதுலேர்ந்து வாசலுக்கு யார் வந்தாலும் எந்திரிச்சு நின்னு, "சொல்லுங்க, முழுசாச் சொல்லுங்க"ம்பானாம். அவன் கேக்கப் பழகிட்டான், நான் சொல்லி முடிச்சிட்டேன், நீங்க போய்ப் படுங்க.