பெஞ்சில் பெய்த மழை

இரண்டாம் வகுப்புக் கூரை ஒழுகுகிறது என்று பூங்கோதை டீச்சர் எத்தனையோ தடவை சொல்லியும் பள்ளித் தாளாளர் வைத்தியலிங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது பெற்றோர் காதுக்குப் போய்விடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை.

“வாட்ஸப் குரூப்ல நல்ல சேதி மட்டும்தான் போடணும். பொய்யும் கூடாது. மீறினா வேலை போயிடும்.”

“சரிங்க சார்.”

மறுநாள் கொட்டியது மழை. பெற்றோருக்குச் செய்தி போனது: “இன்று பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்திருக்காமலே மழையில் நனைந்து மகிழ்ந்தார்கள்.”

சாயங்காலம் திரண்டு வந்த பெற்றோர், தாளாளரை வகுப்புக்குள் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். அவருடைய வழுக்கைத் தலையில் மழைநீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?”

“நல்ல சேதிதானே சார்? பிள்ளைங்க நிஜமாவே சிரிச்சாங்க.”

இப்போது பெற்றோரும் சிரித்தார்கள். தலையைத் துடைத்துக்கொண்டே தாளாளர் கொத்தனாருக்குப் போன் போட்டார்.