பவுன்ராஜின் தெர்மாகோல் படகு

கிளப் நீச்சல்குளத்தைக் கழுவும் பவுன்ராஜ், தெர்மாகோலும் பழைய பொம்மை மோட்டாரும் கொண்டு, அறுநூறே ரூபாயில் ஒரு ரிமோட் படகு செய்தான். ஆண்டுவிழாப் போட்டியின் மூன்று சுற்றிலும் அது செயலாளர் ஏகாம்பரத்தின் வெளிநாட்டுப் படகை முந்திவிட்டது. ஏகாம்பரத்துக்கு வயிறு எரிந்தது.

“இது நான் செஞ்சு வச்சிருந்த படகு. திருட்டுப் பயலே, படகைக் கொடுத்துட்டு வேலையை விட்டுப் போடா!” என்று எல்லோர் முன்னும் கத்தினார்.

“ஐயா செஞ்சதுன்னா, ஐயாவே ஒரு சுற்று ஓட்டிட்டு எடுத்துக்குங்க” என்று பவுன்ராஜ் ரிமோட்டை நீட்டினான்.

ஏகாம்பரம் ரிமோட்டின் விசையை வலப்பக்கம் திருப்பினார். படகு இடப்பக்கம் போய்ச் சுவரில் முட்டியது. மறுபடி திருப்பினார், மறுபடியும் முட்டியது.

பவுன்ராஜ் ரிமோட்டை வாங்கி, விசையை இடப்பக்கம் தள்ளினான். படகு வலப்பக்கம் வளைந்து அழகாகக் கரை சேர்ந்தது.

“செய்யும்போது ஒயரை இடம் வலம் மாத்தி இணைச்சிட்டேங்க. அந்தத் தப்பையாவது என் பேர்ல விட்டுடுங்க ஐயா.”