எல்லாம் சொன்ன துணைவன்

பயிற்சிக் கூடத்துக் கதவை இமானுவேல் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதித் திரும்பி வந்தது.

“அந்தப் பொண்ணைக் கலத்துல இருந்து இறக்கிருங்க டீச்சர். நாலு பேரையும் கொன்னுட்டா!”

நிஜத்தில் யாரும் சாகவில்லை. நடந்தது ஒத்திகை. நிலாவையும் தாண்டி நாலு பேர் வெகு தூரம் போகப்போகிற விண்கலத்தைப் போலவே ஒன்றைச் செய்து கூடத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவு தூரத்தில் ஓர் ஆபத்து என்றால், பூமியைக் கேட்டுப் பதில் வருவதற்குள் காரியம் கெட்டுவிடும். அதனால் பக்கத்திலேயே இருந்து, என்ன கெட்டது, என்ன செய்யலாம் என்று சொல்ல ஒரு கணினி. இமானுவேல் பார்த்துப் பார்த்துச் செய்தது. ‘துணைவன்’ என்று பேரும் வைத்திருந்தார்.

ஆளில்லாத ராக்கெட்டுகளுக்கே தலை நரைக்கும்வரை உழைத்தவர் அவர். ஆளை ஏற்றி அனுப்புகிற வேலை அவருக்குப் புதுசு. அதைக் கற்றுக்கொள்ளத்தான் பவளக்கொடியிடம் வந்து சேர்ந்தார். குருவுக்குச் சிஷ்யரைவிட வயது ரொம்பக் குறைவு. கூடத்தில் எல்லாருக்கும் அவள் டீச்சர். அவளுக்கு அவர் அண்ணாச்சி.

“என்ன ஆச்சுன்னு நிதானமாச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“இதுல என்ன நிதானம்? காத்தைச் சுத்தம் பண்ற விசிறி நின்னு போச்சு. துணைவன் சொல்லுச்சு. இந்த ரிஸ்வானா அதை விட்டுட்டுத் தண்ணிக் குழாயை நோண்டிக்கிட்டு இருக்கா! அதுக்குள்ள எல்லாருக்கும் மூச்சு முட்டிக் கதை முடிஞ்சுது. மதியம் கூட்டத்துல, தப்பு அவளோடதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வேற ஆளைப் போட்டுருவாங்க.”

ரிஸ்வானா கலத்தின் ஏணியடியில்தான் நின்றாள். இத்தனை வருஷப் பயிற்சியும் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும். கண் சிவந்திருந்தது. வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

“எங்க சார் சொல்லுச்சு? திரை பூராச் செகப்பு. தண்ணி, சூடு, ஈரம், மின்சாரம், அது இதுன்னு...”

“திரையில மூணாம் பக்கத்துல சொல்லுச்சும்மா! படிக்கத் தெரியாதா? அதுல ஒண்ணாவது பொய்யா? அத்தனையும் உண்மை!”

டீச்சர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எப்போதும் இருக்கிற சிரிப்பு முகத்தில் இல்லை.

“கூட்டத்துல சொல்றேன் அண்ணாச்சி. அதுக்கு முந்தி ஒரு வேலை. அவளோட கையுறை உள்ள கிடக்கு. எடுத்துட்டு வாங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

முணுமுணுத்துக்கொண்டே ஏணியில் கால் வைத்தார். வைத்ததுதான் தாமதம், கீழிருந்து டீச்சர் ஆரம்பித்துவிட்டாள்.

“படி வழுக்கும் அண்ணாச்சி. கைப்பிடி ஆடும். ஷூ லேஸ் அவுந்திருக்கு. உள்ள விளக்கு கண்ணைக் கூசும். கீழ வயர் கிடக்கு. தலைக்கு நேரா கம்பி. இருக்கை முனை குத்தும். இடது பக்கம் பெயின்ட் காயலை. உள்ள குளிரும். பாக்கெட்ல பேனா விழுந்துரும்...”

“தெரியுது, தெரியுது!”

லேசைக் குனிந்து பார்த்தார். வயரைத் தாண்டினார். பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்தார்.

ணங்.

கையுறை இல்லாமல், நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது.

“கம்பி இருக்குன்னு சொல்ல மாட்டீங்களா?”

“சொன்னேனே. வயருக்கு அடுத்து.”

“அந்தச் சந்தை இரைச்சல்ல காதுல விழுமா அது?”

“நான் சொன்னதுல ஒண்ணாவது பொய்யா அண்ணாச்சி?”

“பொய்யில்லை! உங்க பேனாவையும் பெயின்ட்டையும் இப்ப யார் கேட்டா? கம்பின்னு ஒத்தை வார்த்தை சொல்லியிருந்தா குனிஞ்சிருப்பேன்ல?”

“கம்பியை மட்டும் சொல்லி, நீங்க படியில வழுக்கி விழுந்திருந்தா? ஏன் சொல்லலைன்னு என்னைத்தான கேப்பாங்க? இப்ப யாரும் என்னை ஒண்ணும் கேக்க முடியாது. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

“உங்களை யாரும் கேக்கக் கூடாதுங்கறதுக்காக என் மண்டை உடையணுமா!”

தகரக் கூரையில் பட்டு அவர் குரல் அவருக்கே திரும்பி வந்தது. நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

“ஐஸ் வேணுமா சார்?” என்றாள் ரிஸ்வானா. “இல்ல, அதையும் மூணாம் பக்கத்துல வச்சிரட்டா?”

திட்டத்தான் திரும்பினார். அவள் சிவந்த கண்ணைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

“மதியம் கூட்டத்துல என்ன சொல்லட்டும்?” டீச்சர் கேட்டாள்.

புடைப்பைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“அவ இருக்கட்டும். தப்பு துணைவனோடது, நான் செஞ்சதுன்னு சொல்லுங்க. திரையை மாத்துறேன். எது முதல்ல உயிரை எடுக்குமோ அது மட்டும். மத்ததெல்லாம் அப்புறம்.”

சொல்லிவிட்டாரே தவிர, கோபம் ஆறவில்லை.

“ஆனா டீச்சர், பேசுறது லேசு. எதை முதல்ல சொல்லணும்னு நான் இங்க உக்காந்து முடிவு பண்ணணும். அந்த ஒண்ணு தப்பாப் போயிருச்சுன்னா? ஏன்யா மத்ததைச் சொல்லலைன்னு ஊரே என் சட்டையைப் பிடிச்சு உலுக்கும். அப்ப நான் என்ன செய்ய?”

அதுவரை அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் டீச்சரின் குரலில் ஏறியது.

“ஊர் கேட்டா பதில் சொல்லுங்க. தரையில நின்னு, நல்லா மூச்சு விட்டுக்கிட்டு, பதில் சொல்லுங்க.”