இரும்பு மட்டும் இருபத்திரண்டு

"இரும்பு மட்டும் கூடி வருகிறது, மேடம்."

சுடலைமுத்து காகிதத்தை மேசையில் வைத்தார். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்தவர். அவருடைய வழிகாட்டி ரெபேக்காவுக்கு முப்பத்தைந்து.

"எவ்வளவு, சார்?"

"நூறு அணுவுக்கு இருபத்திரண்டு. இருபதுதான் இருக்க வேண்டும்."

"போன தடவை?"

"இருபத்திரண்டு."

"அதற்கு முந்தி?"

"அதே இருபத்திரண்டு."

"பிழைகூட உங்களிடம் ஒழுங்காக வருகிறது," என்றார் ரெபேக்கா.

இரும்பு, கோபால்ட், நிக்கல், குரோமியம், மாங்கனீசு. ஐந்தும் தூள். எஃகுக் குடுவையில் எஃகுக் குண்டுகளோடு போட்டு மூடி, முப்பது மணி நேரம் சுழலவிட வேண்டும். உருக்காமலே ஐந்தும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஒரே உலோகமாக வேண்டும். பிறகு அந்தத் தூளை அழுத்தி, சுட்டு, துண்டாக்க வேண்டும்.

"பஞ்சலோகம்தானே, மச்சான்?" என்று ஊரில் அவருடைய மச்சினன் கேட்டிருந்தான்.

"அதில் செம்புதான் எசமான். இதில் எசமானே கிடையாது. அஞ்சும் சமம்."

சொல்லிவிட்டார். சமமாக வரவில்லை.

மாதக் கடைசியில் ஆராய்ச்சியை மதிப்பிடும் குழு கூடுகிறது. அன்று சமமான துண்டைக் காட்டாவிட்டால் பதிவு ரத்தாகும். கோபால்ட் புட்டியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் தூள் இருந்தது.

"உங்க மூக்குக் கண்ணாடியை மாத்துங்க சார்," என்றான் கூட ஆராய்ச்சி செய்யும் கோகிலன். "இல்லேன்னா இருபதுன்னே எழுதிடுங்க. யாரு வந்து அணுவை எண்ணப் போறா?"

"நான் எண்ணிட்டேனே, தம்பி."

ரெபேக்கா கேட்டார்: "தராசு சரியா?"

"சரி."

"கை?"

சுடலைமுத்து கையை நீட்டினார். நடுங்கவில்லை.

"உள்ளே போட்டதை எல்லாம் எடை பார்த்தீர்களா?"

"ஐந்தையும். மும்மூன்று தடவை."

"எல்லாவற்றையும்?"

"எல்லாவற்றையும்."

ரெபேக்கா எழுந்தார். பிரிக்காத டப்பாவைப் பிரித்து ஒரு புதுக் குண்டை எடுத்தார். அதில் முகம் தெரிந்தது. குடுவையிலிருந்து ஒரு பழைய குண்டை எடுத்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டையும் சுடலைமுத்துவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதில் இருந்த பளபளப்பு எங்கே போனது, சார்?"

வகுப்புக்கு மணி அடித்தது. ரெபேக்கா போய்விட்டார்.

சுடலைமுத்து இரண்டு குண்டுகளையும் மேசையில் வைத்தார். பிறகு தன் ஏட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். குடுவையும் குண்டுகளும் புதிதாக வந்த நாளில் அவற்றின் எடையை அங்கே எழுதி வைத்திருந்தார். அந்த ஆய்வகத்தில் வேறு யாரும் அதை எழுதுவதில்லை. அதற்காகவும் அவரைக் கேலி செய்திருந்தார்கள்.

குண்டுகளைக் கழுவி, துடைத்து, உலர்த்தி, தராசில் வைத்தார். குடுவையையும் வைத்தார்.

1.8 கிராம் குறைந்தது.

மூன்று தடவை ஓட்டியதால் மூன்றால் வகுத்தார்: தடவைக்கு 0.6.

மறுநாள் காலை ரெபேக்கா வருமுன்பே வாசலில் நின்றார்.

"தேயாத குண்டு வாங்கலாமா, மேடம்?"

"எந்தக் கடையில் விற்கிறார்கள்?"

"பீங்கான்?"

"அது தேய்ந்தால் ஆறாவதாக ஒரு ஆள் உள்ளே வருவான்."

சுடலைமுத்து தலையசைத்தார். தராசின் முன் போய் உட்கார்ந்தார். கடைசிக் கோபால்ட்டைப் புட்டியைத் தட்டி எடுத்தார். இரும்பு கடைசியாக வந்தது. இரும்புக்கு உரிய எடை 3.98 கிராம்.

3.38-இல் கரண்டியை எடுத்துவிட்டார்.

"சார், பத்தலை!" என்று கத்தினான் கோகிலன். "கோபால்ட்டும் தீந்துபோச்சு!"

"பத்தும்."

குடுவையை மூடினார். முப்பது மணி நேரம் அது உருண்டது.

குழு கூடிய அன்று, வெளியூரிலிருந்து வந்த நிபுணர் தாளை உரக்கப் படித்தார்.

"இரும்பு இருபது. கோபால்ட் இருபது. நிக்கல் இருபது. குரோமியம், மாங்கனீசு... இருபது, இருபது." எக்ஸ்ரே வரைபடத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஐந்து உலோகத்தின் தனித்தனிக் கோடுகளைக் காணோம். ஒரே உலோகம்!"

கோகிலன் நாற்காலியைத் தட்டினான். நிபுணர் ஏட்டைப் புரட்டினார். நின்றார்.

"ஆனால் இங்கே இரும்பை மட்டும் குறைத்து எழுதியிருக்கிறீர்களே. எழுத்துப் பிழைதானே? திருத்திவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்."

"ஆமான்னு சொல்லுங்க, சார்," என்று பின்னாலிருந்து கோகிலன் முணுமுணுத்தான்.

சுடலைமுத்து ரெபேக்காவைப் பார்த்தார். ரெபேக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிழை இல்லை, ஐயா. குறைத்துத்தான் போட்டேன்."

"குறைத்துப் போட்டால் எப்படிச் சரியாக வரும்?"

சுடலைமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு குண்டை எடுத்து மேசையில் வைத்தார். மங்கிய குண்டு. அதன் பக்கத்தில் மெருகேற்றிய கலப்புலோகத் துண்டை வைத்தார். ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு.

"இந்தக் குண்டில் இருந்த பளபளப்பு எங்கே போனது, ஐயா?"



நிபுணர் குண்டை விரலால் உருட்டினார். ஏட்டைப் பார்த்தார். மறுபடி குண்டைப் பார்த்தார். பிறகு மெல்லத் துண்டை எடுத்து உயர்த்திப் பிடித்தார். அதில் அவர் முகம் தெரிந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது.

"இதோ!" என்றார்.